நிலாவுக்கு யார் பட்டா கொடுப்பது?

போன ஆவணியில் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் சொந்தக்காரப் பையன். அவனுடைய நண்பர்கள் மேடையேறி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழைப் பரிசாகக் கொடுத்தார்கள். நிலாவில் ஒரு ஏக்கர் நிலம், மாப்பிள்ளை, பெண் இருவர் பேரிலும். ஓரத்தில் தங்க நிற முத்திரை, நடுவே நிலாவின் படம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. எல்லோரும் கைதட்டினார்கள்.

பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா கைக்கு அது வந்தது. கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரம் என்று எதைக் கொடுத்தாலும் முழுவதும் படிக்காமல் கீழே வைக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு, சட்டத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, வரிக்கு வரி விரலை நகர்த்திப் படித்தார். அப்புறம் கேட்டார்: "இன்னாப்பா இது, சர்வே நம்பர் இல்ல, செக்குபந்தி இல்ல. கிழக்கால யார் நிலம், மேற்கால யார் நிலம்? இதுக்குப் பட்டா யார் கொடுத்தது?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. விண்வெளியில் மனிதர்களின் எதிர்காலம் என்றால் ராக்கெட், எரிபொருள், ரோபோ என்றே பேசிப் பழகிவிட்டோம். அந்த இடம் யாருக்குச் சொந்தம், யார் முதலில் எடுத்துக்கொள்வது, குப்பையை யார் அள்ளுவது, அடிபட்டவருக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விகளும் அதே அளவுக்குப் பெரியவை. இவற்றைப் புரிந்துகொள்ள இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. பழைய வட ஆற்காட்டில் ஏரியையும் ஆற்றையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

பட்டா என்பது, ஒரு நிலம் இன்னாருடையது என்று அரசு ஒப்புக்கொள்ளும் காகிதம். அதைக் கொடுக்க ஓர் அரசு வேண்டும். அந்த அரசுக்கு அந்த மண்ணின் மேல் அதிகாரம் வேண்டும். 1967-ல் அமலுக்கு வந்த விண்வெளி ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் கதவை அடைக்கிறது. நிலா உள்பட விண்வெளியின் எந்தப் பகுதியையும், இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது அதன் இரண்டாவது பிரிவு. 1969-ல் அமெரிக்கா நிலாவில் கொடி நட்டது. அதனால் ஒரு சென்ட் நிலம்கூட அதற்குச் சேரவில்லை. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 தென்துருவப் பகுதியில் இறங்கியது. இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்ததால் மண் நமதாகிவிடவில்லை.

நிலா மனைகளை விற்பவர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். 1980-ல் ஓர் அமெரிக்கர் தொடங்கிய வியாபாரம் இது. ஒப்பந்தம் நாடுகளைத்தானே தடுக்கிறது, தனி ஆளைத் தடுக்கவில்லையே என்பது அவர்கள் வாதம். ஆனால் அரசே உரிமை கோர முடியாத இடத்தில், அந்த அரசின் குடிமகனுக்கு யார் பத்திரம் பதிந்து கொடுப்பார்கள்? தவிர, விண்வெளியில் தனியார் செய்யும் காரியங்களுக்கும் அவரவர் நாடே பொறுப்பு என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் சொன்னதும் பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "அப்போ புறம்போக்கு."

அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தெருவில் அது வசைச்சொல்லாகிவிட்டது. வருவாய்த் துறைக் கணக்கில் அது மதிப்புள்ள சொல். ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் புறம்போக்குதான். யாருக்கும் பட்டா கிடையாது, ஊரே பயன்படுத்தலாம். விண்வெளி ஒப்பந்தத்தின் முதல் பிரிவும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது: விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் எல்லா நாடுகளின் நலனுக்காகவும் இருக்க வேண்டும், அந்த நாடுகள் பொருளாதாரத்திலும் அறிவியலிலும் எந்த நிலையில் இருந்தாலும் சரி. ஒரு ராக்கெட்கூட இல்லாத நாட்டுக்கும் அங்கே பாத்தியதை உண்டு.

புறம்போக்கைத் தெரிந்தவர்களுக்கு அதன் ஆபத்தும் தெரியும். ஏரிக்கரையில் முதலில் ஒரு பந்தக்கால். அப்புறம் கீற்றுக் கொட்டகை. அப்புறம் முள்வேலி, கரண்ட் கனெக்ஷன். பத்து வருஷம் கழித்துக் கேட்டால், "நாங்க எப்பவும் இங்கதானே இருக்கோம்" என்பார்கள். விண்வெளியில் இப்போது நாம் பந்தக்கால் கட்டத்தில் இருக்கிறோம்.

மணல் யாருடையது?

ஆறு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஆற்றில் அள்ளி லாரியில் ஏற்றிய மணல்? பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இது பாடப் புத்தகக் கேள்வி இல்லை. நிலாவைப் பற்றிய இன்றைய மிகப் பெரிய சட்டச் சண்டையும் இதேதான்.

2015-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. நிலாவையோ சிறுகோளையோ சொந்தம் கொண்டாட மாட்டோம், ஆனால் எங்கள் குடிமக்கள் அங்கிருந்து தோண்டி எடுத்த பொருள் அவர்களுடையது என்றது. 2017-ல் லக்சம்பர்க்கும் இதுபோல ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஐக்கிய அரபு அமீரகமும் ஜப்பானும் பின்தொடர்ந்தன. ஆழ்கடல் மீனை உதாரணம் காட்டுகிறார்கள். கடல் யாருக்கும் சொந்தமில்லை, வலையில் விழுந்த மீன் மீனவருடையது, இதில் என்ன தப்பு என்கிறார்கள். வலுவான வாதம்தான், ஒதுக்கிவிட முடியாது.

எனக்கு ஒப்பாத இடம் இது. மீன் குஞ்சு பொரிக்கும். நிலாவின் தென்துருவத்தில் சூரிய ஒளியே படாத பள்ளங்களில் கிடக்கும் பனிக்கட்டி குஞ்சு பொரிக்காது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். பிரித்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்கும், ராக்கெட்டுக்கு எரிபொருளும் கிடைக்கும். பக்கத்திலேயே அதிக நேரம் வெயில் படுகிற மேடுகளும் வேண்டும், மின்சாரத்துக்கு. இரண்டும் சேர்ந்து அமைந்த இடங்கள் கொஞ்சம்தான். முதலில் போகிறவர் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால், இருபது வருஷம் கழித்துப் போகிறவருக்கு என்ன மிஞ்சும்? பாலாற்று மணல் எடுக்கவாவது அனுமதி கொடுக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அப்படி இருந்தும் ஆறு என்ன ஆனது என்று விரிஞ்சிபுரம் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும். நிலாவில் அந்த அலுவலகமே இல்லை.

அதைப் போலொன்றை உருவாக்க 1979-லேயே முயன்றார்கள். நிலாவின் வளங்கள் மனிதகுலத்தின் பொதுச் சொத்து, அவற்றை எடுக்கும் காலம் வரும்போது பலனைப் பகிர ஒரு சர்வதேச ஏற்பாடு வேண்டும் என்றது நிலா உடன்படிக்கை. அதை முறையாக ஏற்ற நாடுகள் இருபதைத் தொடவில்லை. பெரிய விண்வெளி நாடு எதுவும் அதில் இல்லை. இந்தியா 1982-ல் கையெழுத்து மட்டும் போட்டு, அதற்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டது. அப்புறம் 2020-ல் அமெரிக்கா முன்னின்று ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகளைக் கொண்டுவந்தது. 2023 ஜூனில் இந்தியா அதில் சேர்ந்தது. அது வளங்களை எடுக்கலாம் என்கிறது. ஒருவர் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி மற்றவர் இடையூறு செய்யாமலிருக்கப் பாதுகாப்பு வளையங்கள் அமைக்கலாம் என்கிறது. தேவையான ஏற்பாடுதான். ஆனால் வளையத்துக்கும் வேலிக்கும் என்ன தூரம் என்பதை நம் ஊர்க்காரர்கள் கேட்டே ஆக வேண்டும்.

ஆயா வீட்டுக் கிணறு

என் ஆயாவின் ஊர் ஆம்பூருக்குப் பக்கம், பாலாற்றங்கரை. சின்ன வயதில் விடுமுறைக்குப் போவோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. நான் மூன்றாவது படிக்கும்போது அந்தத் தண்ணீரில் டீ போடுவார்கள். ஏழாவது படிக்கும்போது அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். வாளியைத் தூக்கினால் விளிம்பில் நுரை நிற்கும், தண்ணீர் லேசாகப் பழுப்பேறியிருக்கும். தென்னைகளின் மட்டை நுனியிலிருந்து காய ஆரம்பித்திருந்தது. குடிக்கிற தண்ணீருக்கு ஆயா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போவார். எந்த டேனரி, அதாவது எந்தத் தோல் பதனிடும் ஆலை, கழிவை விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் விட்டது. எங்கள் மாமாவும் டேனரி சம்பளத்தில்தான் குடும்பம் நடத்தினார். அதனால் ஊரில் யாரும் சத்தமாகப் பேசவும் முடியாது.

இப்போது பூமியைச் சுற்றியுள்ள பாதைகளைப் பாருங்கள். 1957-ல் முதல் செயற்கைக்கோள் போனதிலிருந்து, செத்துப்போன செயற்கைக்கோள்கள், ராக்கெட்டின் காலிப் பகுதிகள், திருகாணிகள், உதிர்ந்த பெயின்ட் சில்லுகள் எல்லாம் அங்கேயே சுற்றுகின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் கணக்கு. தாழ்ந்த பாதைகளில் இவை வினாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. வேலூரிலிருந்து சென்னைக்கு இருபது வினாடிக்குள் போய்விடும் வேகம். அந்த வேகத்தில் ஒரு கோலிக்குண்டு மோதினாலும் செயற்கைக்கோள் பாழாகிவிடும்.

மோதினால் உடைகிறது, உடைந்தால் துண்டுகள் கூடுகின்றன, துண்டுகள் கூடினால் மோதலும் கூடுகிறது. ஓர் அளவுக்கு மேல் போனால் புதிதாக யாரும் எதையும் ஏவாவிட்டாலும் இந்தச் சங்கிலி தானாகவே ஓடும் என்று டொனால்ட் கெஸ்லர் என்ற நாசா விஞ்ஞானி 1978-லேயே சக ஆய்வாளர் ஒருவருடன் எழுதினார். 2009 பிப்ரவரியில் சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், உபயோகத்தில் இருந்த ஓர் அமெரிக்கக் கோளும் செத்துப்போன ஒரு ரஷ்யக் கோளும் மோதி, கண்காணிக்கத்தக்க அளவிலேயே ஏறக்குறைய இரண்டாயிரம் துண்டுகளாயின. அந்த உயரத்தில் குப்பை லேசில் இறங்காது. நூறு வருஷம்கூட ஆகலாம். நானூறு கிலோமீட்டரில் இருந்தால் மெல்லிய காற்று இழுத்து, சில வருஷங்களில் எரித்துவிடும். அதனால் உயரம் ரொம்ப முக்கியம்.

நாடுகள் வேண்டுமென்றே உடைத்ததும் உண்டு. 2007-ல் சீனா தன் பழைய வானிலைக் கோளை ஏவுகணையால் அடித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள். 2021 நவம்பரில் ரஷ்யா அதையே செய்தது. நடுவில் 2019 மார்ச் 27-ல் இந்தியாவும் செய்தது. நாம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர் என்ற தாழ்வான உயரத்தைத் தேர்ந்தெடுத்தோம். பெரும்பாலான துண்டுகள் சில வாரங்களிலும் மாதங்களிலும் எரிந்துபோயின. ஆனாலும் சில துண்டுகள் அடித்த வேகத்தில் மேலே வீசப்பட்டு நீண்ட காலம் சுற்றின. மற்றவர்களைவிடக் கவனமாகச் செய்தோம் என்பது உண்மை. செய்யாமலே இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, அள்ளுவதற்கு யார் காசு கொடுப்பது? இங்கே வேலூருக்கு ஒரு தனி இடம் இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. பாலாற்றில் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. அப்போது மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதாகத் தீர்ப்பு பதிவு செய்தது. அதோடு நிற்காமல், இரண்டு கொள்கைகள் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒன்று, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட ஆட்களுக்கு மட்டுமல்ல, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீர்செய்யும் செலவும் அவருடையது. இரண்டாவது, முன்னெச்சரிக்கை. திருத்த முடியாத கேடு வரும் என்ற நிலையில், அறிவியல் இன்னும் நூறு சதம் உறுதியாகவில்லை என்று காரணம் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. தீங்கில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் தொழில் செய்கிறவருடையது.

இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் வேலூர் வழக்கைப் படிக்கிறார். அந்த இரண்டு கொள்கைகளும் விண்வெளிக்கு அப்படியே பொருந்தும். ஆனால் அங்கே இவை இன்னும் சட்டமாகவில்லை. ஐ.நா. 2007-ல் ஏற்றவை விண்குப்பையைக் குறைப்பதற்கான வழிகாட்டுதல்கள்தான், கட்டாயமில்லை. ஒரு சின்ன வெளிச்சம், 2023 அக்டோபரில் தெரிந்தது. ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம், ஓய்வுபெற்ற தன் செயற்கைக்கோளை ஒப்புக்கொண்ட உயரத்துக்கு ஒதுக்காமல் பாதியில் விட்டது. அந்த நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் ஒன்றரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. விண்குப்பைக்காக அந்த ஆணையம் விதித்த முதல் அபராதம் அது. இந்தியாவும் 2030-க்குள் தன் விண்வெளிப் பயணங்கள் எல்லாம் குப்பையில்லாதவையாக இருக்கும் என்று அறிவித்திருக்கிறது. இந்த அறிவிப்பில் எனக்கு மெய்யாகவே பெருமை.

ஆனால் காலம் கடந்த சட்டம் எப்படியிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1996-ல் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக, உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆயாவின் கிணற்றைத் தூர்த்து, மேலே சிமென்ட் போட்டு, இப்போது அங்கே ஒரு பைக் நிற்கிறது.

மேலேயிருந்து விழுந்தால்

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு தனியார் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தத்தோடு எதுவோ வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கின. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். வானத்திலிருந்து விண்கல் விழுந்தது என்று மாநில அரசே அறிவித்தது, உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு படங்களைப் பார்த்த நாசா, இது தரையில் நடந்த வெடிப்பைப் போலத்தான் இருக்கிறது என்றது. அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள்.

விண்கல் என்றால் இயற்கை, யாரிடமும் கேட்க முடியாது. ஒரு நாட்டின் செயற்கைக்கோள் துண்டு விழுந்திருந்தால்? அதற்கு 1972-ன் பொறுப்பு உடன்படிக்கை இருக்கிறது. ஏவிய நாட்டின் பொருள் தரையில் யாருக்காவது சேதம் செய்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. அந்த நாடு ஈடு கொடுத்தாக வேண்டும். 1978-ல் அணு உலை பொருத்திய ஒரு சோவியத் செயற்கைக்கோள் கனடாவின் வடக்குப் பனிப்பரப்பில் சிதறி விழுந்தது. கனடா ஆறு மில்லியன் கனடா டாலர் கேட்டது. 1981-ல் சோவியத் யூனியன் மூன்று மில்லியன் கொடுத்துக் கணக்கை முடித்தது. நாமும் இதில் சம்பந்தப்படாதவர்கள் இல்லை. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஆள் உயர உருளை ஒன்று ஒதுங்கியது. அது பெரும்பாலும் நமது பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாவது நிலை என்று அந்த நாட்டு விண்வெளி முகமை சொன்னது. யாருக்கும் காயமில்லை.

கவனியுங்கள், தரையில் விழுந்தால்தான் இந்தக் கறாரான விதி. மேலேயே ஒரு கோளை இன்னொன்று இடித்தால் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டும். கோலிக்குண்டு அளவுத் துண்டில் யார் பெயர் எழுதியிருக்கும்?

கடைமடை

ஏரித் தண்ணீர் முறை வைத்துப் பாயும். மேல்மடைக்காரர் எடுத்துக்கொண்டே இருந்தால் கடைமடை காயும் என்பதால் ஊர் கூடி வைத்த ஏற்பாடு அது. பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் ஒரு பாதை இருக்கிறது. அங்கே நிற்கும் கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். வீட்டு மாடியில் டிஷ் ஆன்டெனா ஆடாமல் ஒரே பக்கம் பார்ப்பது அதனால்தான். அந்தப் பாதையில் இடமும் அலைவரிசையும் அளவானவை. முதலில் வந்தவர்களுக்கே எல்லாம் போய்விடும் என்று பயந்து 1976-ல் பூமத்தியரேகை நாடுகள் எட்டு, கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்கு மேலே இருப்பது எங்களுடையது என்று அறிவித்தன. உலகம் அதை ஏற்கவில்லை. ஆனால் ஏழை நாடுகளுக்கும் இடம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற பேச்சுக்கு அது வலு சேர்த்தது. இன்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு பகுதியை அப்படி ஒதுக்கியும் வைத்திருக்கிறது.

இப்போது தாழ்ந்த பாதைகளில் அதே கதை. 2019 மே மாதம், செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் முதல் அறுபது கோள்களை ஏவியது. சில வருஷங்களில் அது பல ஆயிரமானது. ஜவ்வாது மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்க இது உதவும் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே மலையில்தான் காவலூர் வான் ஆய்வகமும் இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போக வேண்டும். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த இரவில், அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். பொதுமக்களை விடும் ஒரு சனிக்கிழமை அக்கா மகளைக் கூட்டிப் போயிருந்தேன். கருவிழி இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் வானம் உப்பைக் கொட்டியதுபோல் ஆனது. அதன் நடுவே ஒரு புள்ளி நிதானமாகக் கடந்துபோனது, பின்னாலேயே இன்னொன்று. "மாமா, இது யாரோடது?" என்றாள். தொலைநோக்கிப் படங்களில் இவை வெள்ளைக் கோடாக விழும். இருண்ட வானம் என்பதும் புறம்போக்குதான், அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

குடியேற்றம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாயில் ஊர் அமைப்போம் என்கிறார்கள். போய்ச்சேர ஆறேழு மாதம் ஆகும். ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 சதம். காற்று சுவாசிக்க ஆகாது. அங்கே வேலைக்குப் போகிறவர் மூச்சுக்காற்றுக்கும் முதலாளியையே நம்பி இருப்பார். எங்கள் பக்கம் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் வேலையிலும் அட்வான்ஸ் வாங்கிவிட்டு மீள முடியாமல் கிடந்த குடும்பங்களைப் பற்றிக் கேட்டே வளர்ந்தோம். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தும் மீட்புச் செய்திகள் நின்றபாடில்லை. தப்பி ஓடப் பக்கத்து ஊராவது இங்கே இருந்தது. வேலைநிறுத்தம் செய்தால் காற்றை நிறுத்திவிட முடிகிற இடத்தில் தொழிலாளர் உரிமை என்னவாகும்? அங்கே பிறக்கும் குழந்தை, குறைந்த ஈர்ப்பில் வளர்ந்த எலும்போடு, பூமிக்குத் திரும்ப முடியாமல் போனால் அதற்கு யார் சம்மதம் கொடுத்தது? விண்வெளியைப் பற்றிய கேள்விகளில் என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

நாம் கொண்டுபோகும் கிருமிகளும் ஒரு கேள்வி. வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று கொண்டுவந்த சீமைக்கருவேலம் ஏரிகளை என்ன செய்தது என்று பார்த்திருக்கிறோம். அதனால்தான் 2017 செப்டம்பரில் காசினி விண்கலத்தை வேண்டுமென்றே சனிக்கோளுக்குள் விழவைத்து எரித்தார்கள்; உயிர் இருக்க வாய்ப்புள்ள அதன் துணைக்கோள்களில் போய் மோதிவிடக் கூடாது என்பதற்காக.

இங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, அங்கே எதற்கு ராக்கெட் என்று டீக்கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சந்திரயான்-3-க்கு ஆனது 615 கோடி ரூபாய். அதை நிறுத்தியிருந்தால் அந்தக் காசு நம் ஊர்க் குழாய்க்கு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. புயல் எச்சரிக்கை முதல் நிலத்தடி நீர் தேடுவது வரை செயற்கைக்கோள் ஏழைக்குத்தான் அதிகம் உதவுகிறது. ஆனால் செலவு நம் பணம் என்பதால், முடிவிலும் நமக்குச் சொல்ல இடம் வேண்டும். இந்தியா 2023-ல் விண்வெளிக் கொள்கை வெளியிட்டது, தனியாருக்குக் கதவைத் திறந்தது. 2017-ல் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு மக்கள் கருத்துக்கு வந்தது; அது சட்டமாகவில்லை.

இதையெல்லாம் மறுபடி ஒரு நாள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடித்த பகுதி பதிவேடு. ஏவும் ஒவ்வொரு பொருளையும் ஐ.நா.வில் பதிய வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை 1976 முதல் அமலில் இருக்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊர் நிலமெல்லாம் எழுதி வைக்கிற அ-பதிவேடு மாதிரி" என்றார். பிறகு, நிலா வளங்களை எடுப்பதற்கு என்ன விதி வைக்கலாம் என்று பேச வியன்னாவில் ஐ.நா. குழு ஒன்று 2022-ல் ஐந்தாண்டு வேலைத்திட்டத்தோடு தொடங்கியது, 2027 வரை அதற்குக் காலம் என்றேன்.

"ஆட்சேபணை கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

நேராக நாம் எழுத முடியாது, நம் அரசு வழியாகத்தான் போகும் என்றேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினார். எந்தத் துறை என்றார். விண்வெளித் துறை, பெங்களூர் என்றேன். "பெறுநர்" என்று எழுதிவிட்டு, பின்கோடு கேட்டார்.